மங்கா படிக்கப் போகிறீர்களா? புத்தகத்தை முதலில் திருப்பிப் பிடியுங்கள்

என் அக்கா மகன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பையில் ஒரு மங்காப் புத்தகம், அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகம், இருந்தது. தமிழ் டப்பிங்கில் ஓர் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பார்த்திருக்கிறான். அதன் மூலக்கதையைத் தேடிப்பிடித்து ஆங்கிலத்தில் வாங்கியிருக்கிறான். சின்ன வயதிலிருந்து தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். படக்கதை படிக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பில் எடுத்து விரித்தேன். திறந்ததுமே 'நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்' என்கிற தோரணையில் ஓர் அறிவிப்பு. பக்கத்திலேயே எண் போட்டு, எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று காட்டும் படம் வேறு. பையன் சிரித்துவிட்டான்.

அங்கிருந்து தொடங்கி, பல தப்புகள் செய்து கற்றதை இங்கே எழுதுகிறேன். (மங்கா என்றே எழுதுகிறேன். 'மாங்கா' என்றால் எங்கள் வீட்டில் பேச்சு ஊறுகாய்க்குப் போய்விடும்.)

1. பிடிக்கும் விதம்

ஜப்பானிய எழுத்தை மேலிருந்து கீழாக எழுதுவார்கள். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி அதற்கு இடப்பக்கம் வரும். இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. புத்தகத்தின் முதுகு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பக்கங்கள் வலமிருந்து இடமாக ஓடும். ஒரு பக்கத்துக்குள் மேல் வரிசையின் வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் போய், அப்புறம் கீழ் வரிசைக்கு இறங்க வேண்டும். ஒரே கட்டத்துக்குள் மூன்று வசனக் குமிழ்கள் இருந்தாலும் வலது மேல் குமிழ்தான் முதலில் பேசும்.

இதுவரை சுலபம். சிக்கல் வருவது கட்டங்கள் சீரான வரிசையில் இல்லாதபோது. வலப்பக்கம் ஒரு நெட்டையான கட்டம், அதன் இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்டைக் கட்டத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு இடப்பக்கத்து இரண்டையும் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். நெட்டைக் கட்டம் இடப்பக்கம் இருந்தால், வலப்பக்கத்து இரண்டையும் முடித்த பிறகே அதற்கு வர வேண்டும்.

அப்படியும் குழம்பினால் கட்டங்களுக்கு இடையே உள்ள வெள்ளைச் சந்தைப் பாருங்கள். ஒரு வரிசையையும் அடுத்த வரிசையையும் பிரிக்கும் கிடைமட்டச் சந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஒரே வரிசைக் கட்டங்களைப் பிரிக்கும் செங்குத்துச் சந்து குறுகலாக இருக்கும். குறுகிய சந்தைத் தாண்டிப் போங்கள், அகலமான சந்தில் கீழே இறங்குங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து புத்தகம் படித்த பிறகுதான் கண்ணில் பட்டது. முன்பே தெரிந்திருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும்.

'இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சடித்தால் என்ன?' என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் அப்படித்தான் செய்தார்கள். படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரட்டி அச்சிட்டார்கள். வலக்கையில் வாள் பிடித்தவன் எல்லாம் இடக்கைக்காரன் ஆனான். அதைவிட விபரீதம் கிமோனோ என்கிற ஜப்பானிய மரபு உடை. உயிரோடு இருப்பவர்கள் அதன் இடப்பக்கத் துணியை மேலே போட்டு உடுத்துவார்கள். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது பிணத்துக்குத்தான். புரட்டிய பதிப்பில் கதையிலிருந்த அத்தனை பேரும் பிணக்கோலத்தில் உலாவினார்கள். 2002 வாக்கில் புரட்டாமல் அப்படியே அச்சிடும் வழக்கம் பரவியது. வாசகர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். நீங்களும் பழகிவிடுவீர்கள்.

போனில் படிப்பவர்கள் செயலியில் பக்கம் புரளும் திசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு பக்கம் சேர்ந்த பெரிய படம் வந்தால் போனைப் படுக்கவைத்துப் பாருங்கள். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் ஓவியர் ஒரு வாரம் கண்விழித்திருப்பார். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போகும் வண்ணப் படக்கதைகள் வேறு சாதி; அவை பெரும்பாலும் கொரியாவில் பிறந்தவை.

2. எதை எடுப்பது

ஷோனென், ஷோஜோ, ஸெய்னென், ஜோஸெய் என்று நாலு சொல் எல்லா இடத்திலும் கண்ணில் படும். சிறுவர், சிறுமியர், ஆண்கள், பெண்கள் என்று மேலோட்டமாகப் பொருள். இவற்றைக் கதையின் வகை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வாசகருக்கான பத்திரிகையில் அந்தத் தொடர் வந்தது என்பதை மட்டும்தான் இவை சொல்லும். கெய்ஜி நாகஸாவாவுக்கு 6 வயது இருக்கும்போது ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் அதில் பறிகொடுத்தவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய 'வெறுங்கால் கென்' 1973இல் தொடங்கியது ஒரு சிறுவர் வார இதழில், சண்டைக் கதைகளுக்கும் விளையாட்டுக் கதைகளுக்கும் நடுவில். சிறுவர் இதழ் என்றால் விளையாட்டுப் பிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த ஒரு புத்தகம்தான்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, எல்லோரும் பேசுகிறார்களே என்று 'ஒன் பீஸ்' முதல் தொகுதியை எடுப்பது. 1997இல் தொடங்கிய தொடர் அது. நூறு தொகுதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கெட்ட கதை என்று சொல்லவில்லை. நீச்சல் தெரியாதவன் கடலில் இறங்க வேண்டாம் என்கிறேன். முடிந்துபோன, சின்னத் தொடராக ஒன்றை எடுங்கள்.

துப்பறியும் மூளைச் சண்டை பிடித்தவருக்கு 'டெத் நோட்', 12 தொகுதி. காது கேளாத பெண்ணைப் பள்ளியில் வதைத்த பையன், வளர்ந்தபின் அவளைத் தேடிப்போகும் கதை வேண்டுமென்றால் யோஷிதோகி ஓய்மாவின் 'எ சைலன்ட் வாய்ஸ்', 7 தொகுதி. ஒரு வார இறுதிக்குப் போதும், கைக்குட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே பிடியில் இருக்கும் சாகசக் கதைக்கு ஹிரோமு அராகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்', 27 தொகுதி. அராகாவா ஒரு பெண். ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்பிள்ளைகளின் பத்திரிகையில் அவ்வளவு பெயர் வாங்கியவர்களில் ஒருவர். சண்டை, கொலை எதுவும் வேண்டாம், மனசு லேசானால் போதும் என்றால் 'யோட்சுபா'. ஐந்து வயதுக் குட்டி ஒருத்தி தினமும் எதையாவது முதல்முறை பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை.

நம் ஊர்ப்பக்கம் நடக்கும் மங்கா ஒன்றும் உண்டு. ஒஸாமு தெஸூகா 1972 முதல் 1983 வரை வரைந்த 'புத்தா', ஆங்கிலத்தில் 8 தொகுதி. தெஸூகா மருத்துவம் படித்தவர். போருக்குப் பிந்திய ஜப்பானிய மங்காவின் வேர் என்று அவரைச் சொல்வார்கள். புத்தரின் வாழ்க்கையோடு தானே கற்பனை செய்த பாத்திரங்களை நடமாட விடுகிறார். நடுநடுவே கோமாளித்தனமும் செய்கிறார். பக்திப் புத்தகம் என்று எடுத்தால் அதிர்ச்சியாக இருக்கும். சாதி பற்றி அவர் கோபப்படும் இடங்களை நான் இரண்டு முறை படித்தேன்.

அனிமே பார்த்துவிட்டுப் பாதியிலிருந்து மங்காவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். 2025இல் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது, அடுத்து என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் துடித்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் படத்தில் வரும் கோட்டைச் சண்டை மங்காவில் 16ஆவது தொகுதியில் தொடங்குகிறது, மொத்தமே 23தான். நேரே 16ஐ வாங்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் தொகுதியிலும் கொஞ்சம் உட்காருங்கள். திரையில் பார்த்த பளபளப்பு இல்லாமல், வரைந்தவரின் கை எப்படி இருந்தது என்று தெரியும்.

3. படிக்கும் விதம், தமிழ்க் காதோடு

இந்தப் பகுதிதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. நம்மில் பெரும்பாலோர் மங்காவை ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறோம். ஆங்கிலத்தில் கழன்று விழுகிற சில விஷயங்களைத் தமிழ் தெரிந்தவர் தானாகவே பிடித்துக்கொள்ளலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். -ஸான் பொதுவான மரியாதை. -குன் பெரும்பாலும் இளைய ஆண்களுக்கு. -ச்சான் செல்லம். -ஸாமா மிக உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கு. பள்ளியிலோ வேலையிலோ நமக்கு முன்னால் சேர்ந்தவர் சென்பாய். நம் கல்லூரிகளில் சீனியரை 'அண்ணா', 'அக்கா' என்கிறோமே, ஏறக்குறைய அந்த இடம். சில மொழிபெயர்ப்புகளில் இவற்றை அப்படியே விட்டிருப்பார்கள். சிலவற்றில் வழித்து எடுத்திருப்பார்கள். இருபது அத்தியாயமாக -ஸான் போட்டுக் கூப்பிட்டவள் ஒரு நாள் வெறும் பெயரைச் சொல்வாள். அவன் முகம் சிவக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அங்கே அடிக்குறிப்பு தேவைப்படும். 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று 'நீ' என்றால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஒலிகளும் அப்படியே. ஜப்பானிய மொழியில் இரட்டைக்கிளவி ஏராளம். நெஞ்சு 'டோக்கி டோக்கி' என்று அடித்துக்கொள்ளும், நமக்குப் படபடவென்று. 'கிரா கிரா' என்றால் மினுமினு. இந்த ஒலிகளைப் பேச்சுக் குமிழுக்குள் போடாமல் படத்தோடு படமாகவே வரைந்திருப்பார்கள். ஆங்கிலப் பதிப்பில் அதை அழித்துவிட்டு வேறு எழுத்துப் போட்டிருப்பார்கள், அல்லது மூலத்தை விட்டுவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் பொருள் கொடுத்திருப்பார்கள். அந்தப் பொருளை நம்பிக்கொண்டிருக்காமல் மனசுக்குள் ஒரு தமிழ் ஒலியைப் போட்டுப் பாருங்கள். 'திக்', 'சுருக்', 'மளமள', 'கமகம' எல்லாம் சும்மா கிடக்கின்றன. ஒன்றே ஒன்றுக்குத்தான் என்னிடம் சொல் இல்லை: 'ஷீன்'. அமைதிக்கான ஓசை அது. யாரும் எதுவும் பேசாத அறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். நாம் ஊசி விழுந்தால் கேட்கும் என்போம். அவர்களுக்கு ஊசியே வேண்டாம்.

தமிழும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. 'நான்' என்பதற்கு அங்கே பல சொற்கள். அடக்கமாகப் பேசுகிறவன் 'போக்கு' என்பான், முரடன் 'ஓரே' என்பான், பொதுவாக 'வதாஷி'. ஒருவன் எதைச் சொல்கிறான் என்பதிலேயே அவன் குணம் பாதி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது, தமிழிலும் அதே கதைதான்.

படத்துக்கும் இலக்கணம் இருக்கிறது. நெற்றியில் சிலுவை மாதிரி நரம்புக் குறி இருந்தால் கோபம். பெரிய வியர்வைத் துளி என்றால் சங்கடம். மூக்கிலிருந்து சளிக் குமிழி என்றால் தூக்கம். மூக்கில் ரத்தம் வழிந்தால் யாரும் குத்தவில்லை, ஐயா மனதில் ஆபாச நினைப்பு ஓடுகிறது. கட்டங்களைச் சுற்றியுள்ள வெள்ளை இடம் முழுக்கக் கறுப்பாகிவிட்டால் கதை பழைய நினைவுக்குள் போய்விட்டது என்று பொருள். இந்தக் கடைசிக் குறி தெரியாமல், செத்துப்போன அண்ணன் எப்படித் திரும்ப வந்தான் என்று நான் மூன்று பக்கம் திண்டாடியிருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு ஓடினால் ஒரு தொகுதி அரை மணியில் முடிந்துவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. சண்டைப் பக்கங்களில் வேகமாகப் போங்கள். அவை அப்படிப் படிக்கத்தான் வரையப்பட்டவை. ஆளே இல்லாத கட்டம், மழை, மின்கம்பம், காலியான வகுப்பறை என்று வந்தால் நில்லுங்கள். அங்கே ஓவியர் உங்களை மூச்சு விடச் சொல்கிறார்.

பள்ளிக்கூடக் கதைகளுக்கு மட்டும் ஒரு சின்னக் குறிப்பு. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், அதனால் செர்ரிப்பூ உதிர்ந்தால் புதுத் தொடக்கம் அல்லது பிரிவு. பிப்ரவரி 14இல் பெண்கள்தான் சாக்லேட் கொடுப்பார்கள். பையன்கள் பதில் மரியாதை செய்வது மார்ச் 14இல்.

4. ஏன் இப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கையில் இருக்கும் சின்னப் புத்தகம் 'தாங்கோபோன்'. அது இரண்டாவது பிறவி. முதலில் அந்தக் கதை வார அல்லது மாத இதழில் தொடராக வந்திருக்கும். நம் வார இதழ்களில் தொடர்கதை படித்து, அப்புறம் அதைப் புத்தகமாக வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய சிறுவர் வார இதழ்களில் இரண்டு 1959 மார்ச்சில் ஒரே நாளில் வெளிவந்தன. 1968இல் 'ஷோனென் ஜம்ப்' வந்தது. மலிவான தாளில், டைரக்டரி போலத் தடியாக இருக்கும். ரயிலில் படித்துவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டு இறங்குவார்கள். 1994 டிசம்பரில் வந்த ஜம்ப் இதழ் 65 லட்சம் பிரதிக்கு மேல் அச்சானது.

வாரத்துக்கு ஏறக்குறைய 19 பக்கம். அதனால்தான் ஒவ்வொரு இருபது பக்கத்துக்கும் ஒரு தடவை யாராவது கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். போன வாரம் நடந்ததை யாராவது வாய்விட்டுச் சொல்வதும் அதனால்தான். இதழோடு வாசகர் கருத்து அட்டை ஒன்று வரும். பிடித்த கதைகளைக் குறித்து அனுப்பலாம். ஜம்ப் அதைக் கறாராகப் பார்க்கும். புதுத் தொடர் தொடர்ந்து கடைசி இடத்தில் கிடந்தால் சில மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். 'இனிதான் நம் உண்மையான போராட்டம்!' என்று எல்லோரும் வானத்தைப் பார்த்து ஓடுவதோடு கதை முடிகிறதா? அட்டை வரவில்லை என்று அர்த்தம். எதிர்ப்பக்கம், ஓகோவென்று ஓடும் தொடரை முடிக்க விடமாட்டார்கள், இழுவை தெரியும். இரண்டுக்கும் ஓவியரைத் திட்டாதீர்கள். வருடக்கணக்கில் இப்படி வரைந்து முதுகு போனவர்கள் இருக்கிறார்கள்.

தொகுதியில் சில பக்கங்கள் மட்டும் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அச்சுப் பிழை இல்லை. இதழில் அவை வண்ணப் பக்கங்கள். அத்தியாயங்களுக்கு இடையே ஓவியர் போடும் கிறுக்கல்களையும் குட்டிக் கதைகளையும் தாண்டிப் போகாதீர்கள். மேலுறையைக் கழற்றிப் பார்க்கும் பழக்கமும் வையுங்கள். ஜப்பானியப் பதிப்புகளில் அடியில் தனி ஜோக் ஒளிந்திருப்பதுண்டு.

5. வாங்குவதும் படிப்பதும்

தமிழில் மங்காப் புத்தகம் தேடி அலைந்து ஏமாற வேண்டாம், ஆங்கிலம்தான் நடைமுறை. முதலில் இலவசமாக ருசி பார்க்க 'மங்கா ப்ளஸ்' செயலி இருக்கிறது. ஜம்ப் இதழை வெளியிடும் ஷூயெய்ஷா பதிப்பகமே 2019இல் தொடங்கியது. பல தொடர்களின் ஆரம்ப அத்தியாயங்களும், ஜப்பானில் வரும் அதே சமயம் புது அத்தியாயமும் படிக்கலாம். 'ஷோனென் ஜம்ப்' செயலியின் மாதச் சந்தா இந்தியாவிலும் உண்டு. பழைய தொடர்களை மொத்தமாகப் படிக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ரசிகர்களே மொழிபெயர்த்துப் போடும் திருட்டுப் பிரதிகள் ஒரு தட்டலில் கிடைக்கும்தான். கருத்து அட்டையை நம்பிப் பிழைக்கிற தொழில் என்று மேலே சொன்னேன், முடிவு உங்களுடையது.

அச்சுப் புத்தகம் வாங்கும்போது போலிகளைப் பாருங்கள். நான் ஒருமுறை விலை பாதியாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் முழுத் தொகுப்பும் வாங்கினேன். மூன்றாவது தொகுதியில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்திருந்தது. வரவேண்டிய பதினாறு பக்கத்தைக் காணோம். கறுப்பு அடர்த்தியாக இல்லாமல் சாம்பலாக இருப்பது, நடுமடிப்பில் வசனம் உள்ளே போய்விடுவது, புள்ளி நிழல்கள் சேறாகக் குழம்பியிருப்பது, முதுகில் எழுத்து கோணலாக இருப்பது இவையெல்லாம் அடையாளம். ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பெற்றோர் பின்னட்டையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் மங்கா வெளியிடும் விஸ் பதிப்பகத்தின் புத்தகங்களில் வயதுக் குறி இருக்கும்: 'ஏ' எல்லோருக்கும், 'டி' பதின்வயதினருக்கு, 'டி ப்ளஸ்' பதின்வயதில் மூத்தவர்களுக்கு, 'எம்' வளர்ந்தவர்களுக்கு. சினிமாவில் 'ஏ' என்றால் நமக்கு வேறு பொருள்; இங்கே அது தலைகீழ். படம் போட்டிருக்கிறதே என்று எட்டு வயசுப் பிள்ளை கையில் 'எம்' புத்தகத்தைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிடித்துப்போனால் அடுத்ததாக ஒரு வேலை செய்யலாம். கதகானா என்ற ஜப்பானிய எழுத்துவகையில் அடிப்படை எழுத்து 46. படத்தில் வரைந்த ஒலிகளில் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். இரண்டு வாரம் நோட்டில் எழுதிப் பழகினால் போதும், கதவு சாத்துவதும் இடி இடிப்பதும் நேராகவே காதில் விழத் தொடங்கும். அக்கா மகன் பதினெட்டாவது எழுத்தில் நிற்கிறான். நான் பதினொன்று.